துலும்பாவிலிருந்து இத்ஃபாஇய்யா வரை: இஸ்தான்புல் தீயணைப்போர் பயிற்சி பெற்ற வரலாறு

ஹதீஸ் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பாடம் வரும். மதீனா மாநகரில் ஓரிரவு ஒரு வீடு தீப்பற்றி, உள்ளே உறங்கியவர்கள் மீதே எரிந்து விழுந்தது. செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிடுமாறு அறிவுறுத்தினார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இதில் அணைத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லின் மூலத்தையும் அதிலிருந்து 'இத்ஃபா' என்னும் பெயர்ச்சொல் பிறக்கும் விதத்தையும் மாணவர்க்கு விளக்குவது என் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தின் நடுவே ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், விளக்கை அணைப்பது வீட்டுக்காரரின் கடமை. அவர் அணைக்க மறந்து ஊரே பற்றிக்கொண்டால், அப்போது அணைப்பது யார் கடமை?" என்று கேட்டார். "ஃபர்ளு கிஃபாயா, சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவரும் செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர்" என்று உடனே விடையளித்தேன். மருத்துவம், கணிதம், இன்றியமையாத கைத்தொழில்கள் ஆகியவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இவ்வகையில் சேர்த்திருப்பதையும் எடுத்துக் காட்டினேன். மாணவர் அமரவில்லை. "மருத்துவத்தைக் கற்றுத்தர மருத்துவர் இருந்தார். தீயணைப்பைக் கற்றுத்தர யார் இருந்தார்?" என்று மீண்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. விடை தேடிச் சென்றபோது அது உஸ்மானியப் பேரரசின் தலைநகருக்கு என்னை இட்டுச் சென்றது. கடமையை உணர்வது ஒன்று, அதைச் செய்யக் கற்பது வேறொன்று என்பதை ஒரு மாநகரம் முந்நூறு ஆண்டுகளாகத் தன் வீடுகளை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்ட வரலாறு அது.

நீர் சூழ்ந்த நகரும் நெருப்பும்

இஸ்தான்புல் மூன்று புறமும் நீர் சூழ்ந்த பழநகர். ஆயினும் அதனை மீண்டும் மீண்டும் அழித்தது நெருப்பே. பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் மூடுசந்தைகளும் கல்லால் எழுப்பப்பட்டன. மக்கள் வாழ்ந்த வீடுகளோ பெரும்பாலும் மரத்தால் ஆனவை. மேல்மாடிகள் தெருவை நோக்கி நீண்டிருந்தமையால், எதிரெதிர் வீட்டார் கைநீட்டித் தொட்டுக்கொள்ளும் அளவுக்குச் சில தெருக்கள் குறுகியிருந்தன. குளிர்காலத்தில் ஒவ்வோர் அறையிலும் கரியடுப்பு கனன்றது. இவற்றோடு கருங்கடலிலிருந்து வீசும் வடகிழக்குக் காற்றும் சேர்ந்துவிட்டால், ஓர் அடுப்பின் பொறி ஒரு மஹல்லாவையே சாம்பலாக்கப் போதுமானது.

1633இல் ஜிபாலி என்னும் துறைமுகப் பகுதியில் மூண்ட தீ நகரின் பெரும்பகுதியைத் தின்றது. அவ்வாண்டில்தான் சுல்தான் நான்காம் முராத் காஃபிக் கடைகளை மூடுவித்துப் புகையிலையையும் தடை செய்தார். 1660 ஜூலையில் எழுந்த தீயோ அதனினும் கொடியது. மதிலுக்குட்பட்ட நகரின் பெரும்பாலான பகுதி அதில் அழிந்தது.

ஆட்சியாளர் வாளாவிருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, ஒவ்வொரு வீட்டாரும் கூரையை எட்டும் ஏணியொன்றும் நீர் நிறைந்த பீப்பாயொன்றும் வைத்திருக்க வேண்டுமென அரசாணை பிறந்தது. தீ மூண்டால் யெனிச்சேரிப் படையினரும் கோடரி வீரரும் 'சக்கா' எனப்பட்ட நீர்சுமப்போரும் களமிறங்கினர். அவர்கள் கையாண்ட முதன்மையான உத்தி, தீ செல்லும் வழியிலுள்ள வீடுகளைக் கோடரியாலும் நீண்ட கொக்கிகளாலும் இடித்து வீழ்த்தி, எரிபொருளின்றித் தீயைப் பட்டினி போடுவது.

இடித்த வீட்டுக்கு ஈடு யார்?

இவ்வுத்தி ஃபிக்ஹு அறிஞர்முன் ஒரு சிக்கலை வைத்தது. இன்னும் தீப்பற்றாத, பிறருக்கு உரிமையான வீட்டை அவர் அனுமதியின்றி இடிப்பது ஆகுமா? ஆகுமெனில் இழப்பீடு உண்டா?

1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையிலான குழு ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுத்த 'மஜல்லத்துல் அஹ்காமில் அத்லிய்யா' என்னும் சட்டத்தொகுப்பு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதன் முகப்பிலுள்ள பொதுவிதிகளுள் 26ஆவது, பொதுமக்களுக்கு வரும் தீங்கைத் தடுப்பதற்காகத் தனியொருவருக்கு நேரும் தீங்கு ஏற்கப்படும் என்பது. இவ்விதியை நம் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் அதனைத் தீ விபத்துக்குப் பொருத்தும் 919ஆவது பிரிவு வரை பலர் செல்வதில்லை. தீ மூண்ட இடத்தில் ஒருவர் மற்றவரின் வீட்டை இடித்து, தீயும் அங்கே நின்றுவிட்டால், அவர் அதிகாரமுடையோரின் ஆணைப்படி இடித்திருந்தால் இழப்பீடு தரவேண்டியதில்லை. தானாகவே முடிவெடுத்து இடித்திருந்தால் தரவேண்டும் என்பது அதன் சாரம்.

செயல் ஒன்றே, நோக்கமும் ஒன்றே, விளைவும் ஒன்றே. ஆயினும் சட்டம் இருவரையும் வேறாகப் பார்க்கிறது. ஆணைக்குக் கட்டுப்பட்டவரின் கோடரி ஊரின் கோடரி. தன்னிச்சையாகப் பாய்ந்தவரின் கோடரி அவருடையது மட்டுமே. நல்லெண்ணம் மட்டும் ஒருவரைத் தீயணைப்போராக்கிவிடாது என்பதைச் சட்டம் இவ்வளவு கூர்மையாகச் சொல்லியிருக்கிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே தொடரும் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

தாவூதின் பொறி

ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் நகரைச் சேர்ந்த ஓவியரான யான் வான் டெர் ஹைடன் 1670களில் தீயணைப்புப் பொறியோடு தோல்குழாயை இணைத்தார். 1690இல் அப்பொறியைப் பற்றிப் படங்களுடன் ஒரு நூலையும் வெளியிட்டார். அடுத்த தலைமுறையில் இத்தொழில்நுட்பம் இஸ்தான்புலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் பிரான்சில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய ஒரு கைவினைஞர். உஸ்மானிய வரலாறு அவரை 'கெர்ச்செக் தாவூத்' என்று அழைக்கிறது; 'கெர்ச்செக்' என்னும் துருக்கிச் சொல்லுக்கு 'உண்மையான' என்பது பொருள்.

அவர் அமைத்த பொறி மரப்பெட்டிக்குள் அமைந்த ஓர் உந்துகுழாய். இருபுறமும் ஆட்கள் நின்று நெம்புகோலை மாறிமாறி அழுத்தினால் நீர் பீறிட்டு எழும். அதன் பயனைக் கண்ட சுல்தான் மூன்றாம் அஹ்மதும் அவருடைய பேரமைச்சர் தாமாத் இப்ராஹீம் பாஷாவும் 1720இல் 'துலும்பாஜி ஒஜாக்' என்னும் தீயணைப்புப் படையை நிறுவினர். தாவூதே அதன் முதல் தலைவரானார். படை யெனிச்சேரி அமைப்போடு இணைக்கப்பட்டது.

இங்கே சற்று நிற்க வேண்டும். பிரிட்டனில் முதல் நகராட்சித் தீயணைப்புப் படை எடின்பரோவில் தோன்றியது 1824இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இஸ்தான்புலில் அரசுப்படையாகத் தீயணைப்போர் இருந்தனர். ஆகவே முஸ்லிம் சமூகம் இத்துறையில் அக்கறையற்றிருந்தது என்று சொல்வது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. அப்படியாயின், நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே நகரம் தீயணைப்பைக் கற்றுத்தர வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியரை அழைக்க நேர்ந்தது ஏன்? இதுவே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

படை போனது, கலையும் போனது

ஒஜாக்கில் தொழில் மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைவழியாகவே சென்றது. அது யெனிச்சேரி ஒழுங்கின் ஓர் உறுப்பு. எனவே அவ்வொழுங்கின் நலிவு இதையும் பற்றியது. 18ஆம் நூற்றாண்டில் யெனிச்சேரிகள் அரசின்மீதுள்ள மனக்குறையைத் தெரிவிக்கத் தாமே நகருக்குத் தீயிட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். பெருந்தீ மூண்டால் பேரமைச்சரும் சில வேளை சுல்தானும் களத்துக்கு வருவது மரபாயிருந்தது. எனவே எரியும் தெருவே முறையீட்டு மன்றமாயிற்று. அணைக்க வேண்டிய கை மூட்டும் கையாக மாறியதாக ஊரார் ஐயுற்ற காலம் அது.

1826 ஜூனில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் யெனிச்சேரிப் படையை அடியோடு கலைத்தார். அதனுடன் இணைந்திருந்த துலும்பாஜி ஒஜாக்கும் மறைந்தது. இரண்டே மாதங்களில், ஆகஸ்டில், ஹோஜாபாஷா பகுதியில் பெருந்தீ எழுந்து நகரின் உட்பகுதியைப் பாழாக்கியது. பொறிகள் இருந்தன, அவற்றை இயக்கப் பழகியவர்கள் இல்லை. ஒரு கலை சில மனிதரின் உடலில் மட்டும் தங்கியிருந்தால், அம்மனிதர் போகும்போது அதுவும் போய்விடும் என்பதற்கு இதனினும் கடுமையான சான்று வேண்டியதில்லை.

1828இல் பாயஸித் பகுதியில் கல்லால் ஆன உயர்ந்த காவல்கோபுரம் எழுந்தது. மறுகரையில் பழைய கலத்தா கோபுரமும் அதே பணியைச் செய்தது. தீயைக் கண்டதும் பகலில் கூடைகளும் இரவில் விளக்குகளும் தொங்கவிடப்பட்டன. கோபுரத்திலிருந்து ஓட்டக்காரர் கிளம்பிச் செய்தியைப் பரப்பினர். மஹல்லா இரவுக்காவலர் தம் தடியால் கல்தரையைத் தட்டியபடியே தீ தீ என்று கூவித் தெருவை எழுப்பினர். கண்காணிப்பு இவ்வாறு செம்மையுற்றது. அணைக்கும் பொறுப்போ மெல்ல மெல்ல மஹல்லா இளைஞர் குழுக்களிடம் சென்றது.

ஓடக் கற்றவர்கள்

19ஆம் நூற்றாண்டின் மஹல்லா துலும்பாஜிகள் இஸ்தான்புலின் நாட்டுப்புற நினைவில் இன்றும் வாழ்கிறார்கள். முஸ்லிம்கள், ஆர்மீனியர், கிரேக்கர், யூதர் என ஒவ்வொரு பகுதியினரும் தமக்கெனக் குழு அமைத்துக்கொண்டனர். குழுத்தலைவர் 'ரெயிஸ்'. பொறி பொருத்திய கனத்த பெட்டியைத் தோளில் சுமப்பவர்கள் 'ஒமுஸ்தாஷ்', அதாவது தோள்தோழர். விளக்கேந்தி ஒருவர் முன்னே ஓடுவார். குழாய்முனையைப் பிடிப்பவர் ஒருவர். முழங்கால் வரையிலான காற்சட்டையும் வெறுங்காலுமாக, மேடும் பள்ளமும் கல்லும் சேறுமான தெருக்களில் அவர்கள் பாய்ந்து சென்றனர்.

அவர்கள் பெற்ற பயிற்சி என்ன? முதலாவது, ஓட்டம். இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி நிலைகுலையாமல் தோள்மாற்றும் கலை. நால்வர் சுமந்து ஓட, களைத்தவரின் இடத்தில் புதியவர் நுழைவார். ஓட்டம் நிற்கக் கூடாது, பெட்டி சாயக் கூடாது. பல மாத உழைப்பாலன்றி இது கைவராது. குழுக்களுக்கிடையே ஓட்டப் பந்தயங்களும் நடந்தன. முந்தி ஓடிய குழு மஹல்லாவின் பெருமை. பிந்தியது அதன் அவமானம். ஒரு காலத்தில் தீயின் பெயரால் மூடப்பட்ட காஃபிக் கடைகளே இப்போது தீயணைப்போரின் கூடுமிடங்களாயின. ரமளான் இரவுகளில் அங்கே அவர்கள் பாட்டுக்குப் பாட்டு எடுத்துப் போட்டியிட்டனர்.

இக்காட்சியில் உள்ளத்தைக் கவரும் அழகும் வீரமும் உண்டு. ஆனால் ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். எதற்குப் பரிசு தரப்படுகிறதோ அதையே மாணவன் கற்கிறான். இங்கே பரிசு கிடைத்தது முதலில் சென்றடைவதற்கு. தீயை அணைப்பதற்கு அன்று. ஆகவே இரு குழுக்கள் ஒரே தெருவில் எதிர்ப்பட்டால் வழிவிட மறுத்து மோதிக்கொண்டன. களத்தை அடைந்த பின் யாருக்கு யார் கட்டுப்படுவது என்பதற்கு ஒழுங்கில்லை. எரியும் வீட்டுக்காரரோடு கூலி பேரம் பேசியதாகவும், பொருள்கள் களவுபோனதாகவும் புகார்கள் எழுந்தன. தோளில் சுமக்கும் பெட்டி சிறியது. அதன் நீர்வீச்சும் குறைவு. விரைவைப் பழக்கினார்கள், வேலையைப் பழக்கவில்லை. 'மஜல்லா'வின் அளவுகோலில் சொல்வதானால், கோடரிகள் பெருகின, ஆணை இல்லை.

1870 ஜூன் 5ஆம் நாள் இக்குறைக்கு விலை கொடுக்க நேர்ந்தது. ஐரோப்பியத் தூதரகங்களும் வணிகரும் நிறைந்திருந்த பெரா பகுதியில், இன்றைய பெயோக்ளுவில், தீ மூண்டது. பலத்த காற்றில் சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் எரிந்தன. பிரிட்டிஷ் தூதரகமும் தப்பவில்லை. துலும்பாஜிகள் ஓடிவந்தார்கள், வந்தும் பயனில்லை. சுல்தான் அப்துல் அஸீஸின் அரசு, பயிற்சி பெற்ற நிலையான படையொன்றைத் தேடத் தொடங்கியது.

ஒரு பயிற்சிமுறையின் ஸனது

அரசு தேடிய பயிற்சிமுறைக்கு நம் அறிஞர் மரபில் சொல்வதைப் போல ஒரு 'ஸனது' உண்டு. அதன் முதற்கண்ணி 1824இல் எடின்பரோ படைக்குத் தலைவரான ஜேம்ஸ் பிரெய்ட்வுட். கட்டடத் தொழில் குடும்பத்தில் வந்த அவர், தம் ஆட்களைத் தேர்ந்ததிலேயே ஒரு கொள்கை இருந்தது. கூரை வேய்வோர், தச்சர், கொத்தனார், கொல்லர், குழாய்த் தொழிலாளர் ஆகியோரையே விரும்பிச் சேர்த்தார். எரியும் கட்டடத்தின் எப்பகுதி தாங்கும், எப்பகுதி வீழும் என்பதை அவரவர் தம் தொழிலறிவால் அறிவர் என்பது காரணம். விடியலுக்கு முன், அதிகாலை 4 மணிக்குப் பயிற்சி தந்தார். அப்போது தெருவில் கூட்டம் இராது. இருளில் பொறியை இயக்கும் பழக்கமும் உண்டாகும். உடற்பயிற்சியையும் கட்டாயமாக்கினார்.

அவருடைய போதனையின் உயிர்நாடி ஒன்றே. தெருவில் நின்று புகையின்மீது நீரைப் பாய்ச்சுவது வீண். உள்ளே நுழைந்து தீயின் மூலத்தைக் கண்டு அதன்மேல் நீரைச் செலுத்த வேண்டும். உள்ளே நுழைய வேண்டுமெனில் துணிவு மட்டும் போதாது. குழாயைப் பிடித்துள்ள தோழர் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையும், வெளியேறு என்ற ஆணை வந்தால் மறுசொல் இன்றிக் கீழ்ப்படியும் பழக்கமும் வேண்டும். இவை யாவும் பயிற்சியால் மட்டுமே வருவன. 1830இல் பிரெய்ட்வுட் இம்முறைகளை நூலாகவும் எழுதினார். 1833இல் லண்டன் சென்று அந்நகரின் தீயணைப்புப் படையை நடத்தினார். 1861இல் டூலி தெருப் பெருந்தீயில், தம் ஆட்களை ஊக்குவித்துக்கொண்டிருந்தபோது சுவர் இடிந்து விழுந்து உயிர்நீத்தார்.

ஆனால் 1826இன் இஸ்தான்புலில் நேர்ந்தது லண்டனில் நேரவில்லை. தலைவர் மாண்டும் கலை மாளவில்லை. அவ்விடத்துக்கு வந்த கேப்டன் ஷா அதை மேலும் வளர்த்தார். அவர் கடலோடிகளையே அதிகம் சேர்த்தார். உயரத்தில் ஏறவும், கயிற்றைக் கையாளவும், இரவுபகல் பாராது விழித்திருக்கவும், ஆணைக்கு உடனே பணியவும் அவர்கள் ஏற்கனவே பழகியவர்கள் என்பது அவர் கருத்து.

1862இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்திருந்த ஹங்கேரியப் பிரபு ஒருவர் ஷாவின் படையில் சேர்ந்து இக்கலையைக் கற்றார். அவரே ஒடோன் செச்செனி (1839–1922). ஹங்கேரிய அறிவியற் கழகத்துக்கு வித்திட்ட இஸ்த்வான் செச்செனியின் இளைய மகன் அவர். செல்வமும் குலப்பெருமையும் உடைய அவ்விளைஞர், ஏணியேறவும் குழாய் பொருத்தவும் சாதாரணத் தொண்டரோடு தொண்டராய்க் கற்றார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. தாயகம் திரும்பி, 1870இல் பெஸ்ட் நகரத் தீயணைப்புப் படையை நிறுவினார். அவரைத்தான் உஸ்மானிய அரசு அழைத்தது.

பாஷாவான ஆசிரியர்

1874இல் இஸ்தான்புலில் செச்செனியின் பணி முறையாகத் தொடங்கியது. மஹல்லாக் குழுக்களைச் சீர்திருத்த அவர் முயலவில்லை. இராணுவத்தினரைக் கொண்டு புதிய படையை அமைத்தார். முதலில் ஒரு பட்டாளம். பின்னர் நகரின் பல பகுதிகளுக்கும் பாஸ்ஃபரஸ் நீரிணையின் ஆசியக் கரையிலுள்ள உஸ்குதாருக்கும் பட்டாளங்கள் பெருகின. கடற்படையைச் சார்ந்த ஒரு பிரிவும் ஏற்பட்டது. தோளில் சுமந்த பெட்டியின் இடத்தைக் குதிரைகள் இழுக்கும் பெரிய பொறிகளும் நீராவிப் பொறிகளும் பிடித்தன.

மாற்றத்தின் உட்பொருள் பொறியில் இல்லை. துலும்பாஜி தன் வீட்டிலோ காஃபிக் கடையிலோ இருந்து ஓடிவந்தவர். புதிய தீயணைப்பு வீரர் தீ இல்லாத நாளிலும் பாசறையில் இருந்தார். தீ இல்லாத அந்நாள்களில்தான் பயிற்சி நிகழ்கிறது. ஒரே வேலையை, அது அலுத்துப்போகும் வரை, அலுத்த பின்னும், திரும்பத் திரும்பச் செய்வது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பணி. ஒரே தலைவர், ஒரே ஆணை. திருக்குர்ஆனை மனனம் செய்யும் சிறுவர் முன்னோதிய பாடத்தை நாள்தோறும் திரும்ப ஓதுவதை அறிந்தவர்க்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை. தராவீஹில் இமாமுக்கு நின்று சிந்திக்க நேரமில்லை; நாவே அடுத்த வசனத்தை எடுத்துத் தர வேண்டும். புகைக்குள் நுழைந்தவரின் கையும் அத்தகையது.

செச்செனி ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்நகருக்கு உழைத்தார். பாஷா என்னும் உயர்பட்டம் பெற்றார். அதற்காக அவர் தம் மதத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்தவராகவே வாழ்ந்து, 1922இல் இஸ்தான்புலிலேயே மறைந்தார். முதல் ஆசிரியரான தாவூத் இஸ்லாத்தைத் தழுவியவர். இரண்டாம் ஆசிரியரான செச்செனி தழுவாதவர். இருவரிடமும் நகரம் கற்றது. ஞானம் இறைநம்பிக்கையாளர் தொலைத்த பொருள், கண்ட இடத்தில் அதற்கு அவரே உரியவர் என்னும் கருத்தமைந்த செய்தியின் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பதை ஹதீஸ் கலையினர் அறிவர். தொடர் பலவீனமாயினும், அதன் கருத்தை இஸ்தான்புல் தன் செயலால் மெய்ப்பித்தது.

பெயர் சொல்லும் பாடம்

புதிய படைக்கு வழங்கிய பெயரை அரபி கற்பிப்பவன் என்ற முறையில் நான் ஆர்வத்தோடு பார்க்கிறேன். 'துலும்பா' என்பது இத்தாலியச் சொல்லின் திரிபு, பொறியைக் குறிப்பது. 'துலும்பாஜி' என்றால் பொறிக்காரர். புதிய படையோ 'இத்ஃபாஇய்யா' எனப்பட்டது. துருக்கியில் அது இன்றும் 'இத்ஃபாயியே' என வழங்குகிறது. அரபுலகின் பல நாடுகளிலும் தீயணைப்புத் துறையின் பெயர் இதுவே. மதீனாவின் எரிந்த வீட்டைப் பற்றிய ஹதீஸில் வரும் அதே வினைமூலத்திலிருந்து பிறந்த சொல் இது. முன்பு அவர்கள் கையிலிருந்த கருவியால் அழைக்கப்பட்டனர்; பின்பு ஆற்ற வேண்டிய செயலால் அழைக்கப்பட்டனர். கருவியைச் சுமப்பதிலிருந்து கடமையை நிறைவேற்றுவதற்கு நடந்த பயணம் முழுதும் இவ்விரு பெயர்களுக்கிடையே அடங்கியிருக்கிறது.

எனினும் பயிற்சி அனைத்தையும் தீர்த்துவிட்டது என்று எழுதினால் அது மிகையாகும். தெர்க்கோஸ் ஏரியின் நீர் 1880களில்தான் குழாய்வழியே நகருக்கு வரத் தொடங்கியது. மரவீடுகளும் குறுகிய தெருக்களும் நீடித்தன. 1908இலும் 1911இலும் பெருந்தீக்கள் எழுந்தன. 1918 மே 31ஆம் நாள், உலகப்போரின் வறுமையில் நகரம் வாடியிருந்தபோது, ஃபாத்திஹ் பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 7,500 கட்டடங்களை அழித்தது. நன்கு பயின்ற கைக்கும் நீர் வேண்டும். நீர் செல்லத் தெரு வேண்டும். தெரு அமையச் சட்டம் வேண்டும். மஹல்லாக் குழுக்களும் உடனே மறைந்துவிடவில்லை. பல்லாண்டுகள் புதிய படையோடு சேர்ந்தே ஓடின. 1923 செப்டம்பரில் தீயணைப்புப் பணி இராணுவத்திடமிருந்து நகராட்சியின் பொறுப்புக்கு மாறியது. அதன்பின் துலும்பாஜியின் காலம் முடிவுக்கு வந்தது.

மாணவருக்குத் தர வேண்டிய விடை

ஒரு நூற்றாண்டு முந்திப் புறப்பட்ட நகரம் ஏன் பின்தங்கியது என்ற கேள்விக்கு என் விடை இதுதான். அங்கே ஈமானுக்குக் குறைவில்லை, துணிவுக்குக் குறைவில்லை, தொடக்கத்தில் கருவிக்கும் குறைவில்லை. பழக்கம் இருந்தது, அது பயிற்சியாக வளரவில்லை. பழக்கம் மனிதரோடு பிறந்து மனிதரோடு மறையும். பயிற்சியோ எழுதப்படும், திருத்தப்படும், அறியாதவருக்கும் கற்பிக்கப்படும், ஆசிரியர் மறைந்த பின்னும் நிற்கும். நம் முன்னோர் ஹதீஸுக்கும் கிராஅத்துக்கும் இத்தகைய மரபை ஒப்பற்ற முறையில் அமைத்தார்கள். ஃபர்ளு கிஃபாயாவான பிற கலைகள் எல்லாவற்றுக்கும் அதே அக்கறையைக் காட்டினோமா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஒரு கடமையை 'ஊரில் யாராவது செய்வார்கள்' என்று ஒதுக்கிவிடுவதற்கு ஃபர்ளு கிஃபாயா என்னும் சொல்லை நாம் பயன்படுத்துகிறோம். அச்சொல்லின் கருத்தோ, அந்த 'யாராவது' உண்மையாகவே இருக்கிறாரா, அவருக்குச் செய்யத் தெரியுமா என்பதை உறுதிசெய்வது ஊர் முழுவதன் பொறுப்பு என்பதாகும்.

அடுத்த ஆண்டு அதே ஹதீஸ் வந்தபோது இவ்வரலாற்றை வகுப்பில் விரிவாகச் சொன்னேன். பாடம் முடிந்து நடைபாதையில் வந்துகொண்டிருந்தபோது, சுவரில் தொங்கிய சிவப்பு நிறத் தீயணைப்பு உருளையைச் சுட்டிக்காட்டி ஒரு மாணவர், "ஹஜ்ரத், இதை எப்படி இயக்குவது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பல்லாண்டுகளாக நாள்தோறும் அதைக் கடந்து சென்றிருக்கிறேன். உடனிருந்த ஆசிரியர்களைப் பார்த்தேன், அவர்களுக்கும் தெரியவில்லை. இஸ்தான்புலின் துலும்பாஜிகளைப் பற்றி ஒரு மணி நேரம் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தவனுக்கு அதுவே போதுமான தண்டனையாயிற்று.

அடுத்த வாரமே ஊர்த் தீயணைப்பு நிலையத்திலிருந்து இருவரை வரவழைத்தோம். ஊசியை உருவுவதையும், குழாய்முனையைச் சுடரின் உச்சிக்கன்றி அடிப்பகுதிக்கு நேராகப் பிடிப்பதையும், பிடியை அழுத்தி இடமும் வலமுமாக வீசுவதையும் அவர்கள் காட்டினார்கள். பின்வாங்கும் வழி நம் முதுகுக்குப் பின்னால் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்கள். மாணவர்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகச் செய்து பார்த்தனர். என் முறையும் வந்தது. முதல் தடவை ஊசியை உருவ மறந்துவிட்டுப் பிடியை அழுத்தினேன். மாணவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சரியாகச் செய்தேன்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் அந்த ஹதீஸ் பாடம் வகுப்பறையில் தொடங்கி முற்றத்தில் முடிகிறது.